புதுச்சேரியில் மூன்று இரவு: பழைய வீடா, பெரிய ஹோட்டலா?

கேள்வி: எனக்கு 54 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியர். அடுத்த மாதம் எங்களுக்கு 25-வது கல்யாண நாள், புதன்கிழமை வருகிறது. நானும் மனைவியும் 76 வயது அம்மாவும் அந்த வார வெள்ளியிலிருந்து மூன்று இரவு புதுச்சேரியில் தங்கலாம் என்றிருக்கிறோம். மனைவிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் தங்க ஆசை. அங்கே இரண்டு அறை, அறைக்கு 5,500 ரூபாய், காலை உணவு சேர்த்து. கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டலில் ஒரே அறை 9,500, கூடுதல் கட்டில் 2,000, காலை பஃபே தலைக்கு 750. "11,000-க்கும் 11,500-க்கும் என்ன பெரிய வித்தியாசம், ஹோட்டலுக்கே போங்கள்" என்கிறான் மகன். இதற்காக ஆர்.டி.யில் சேர்த்தது 55,000. பற்றாவிட்டால் கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போடலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள் ஐயா. கல்யாண நாளுக்கென்று ஆர்.டி. போட்டுச் சேர்த்திருக்கிறீர்கள், அதைப் படித்ததுமே மனசு நிறைந்துவிட்டது.

மகன் பார்த்தது அறை வாடகையை மட்டும். ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். ஒரு அறையின் ஒரு நாள் வாடகை 7,500 வரை இருந்தால் வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 18. கூடுதல் கட்டிலும் இந்தக் கணக்கில் சேரும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 கட்டுவீர்கள். அதே அறை 7,600 என்றால் 8,968. நூறு ரூபாய்க்காக ஆயிரத்துக்கு மேல் கூடுகிறது!

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பழைய வீட்டில் இரண்டு அறையும் தனித்தனியாக 7,500-க்குள் இருப்பதால் ஒரு இரவுக்கு 11,550, மூன்று இரவுக்கு 34,650. ஹோட்டலில் 11,500-க்கு 18 சதவீதம் சேர்ந்து 13,570. அறை வாடகை 7,500-க்கு மேல் போகும் ஹோட்டலில் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம்தான். ஆக மூன்று பேருக்குக் காலை உணவு 2,655. மூன்று இரவுக்கு எல்லாம் சேர்த்து 48,675. வித்தியாசம் 14,025 ரூபாய். ஹோட்டலுக்குப் போனால் உங்கள் 55,000-இல் மீதி 6,325தான். அதில் திருச்சியிலிருந்து வண்டி, இரண்டு வேளைச் சாப்பாடு என்று எப்படிச் சமாளிப்பீர்கள்? அங்கேதான் கார்டு இ.எம்.ஐ. உள்ளே வருகிறது. அது வேண்டாம். வட்டி, வட்டிக்கு ஜி.எஸ்.டி., புராசஸிங் கட்டணம் என்று மூன்று நாள் சந்தோஷத்துக்கு மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை பழைய வீடுதான். ஆனால் அம்மாவை நினைத்தால் ஒரு தயக்கம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் என் அப்பாவை அப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனேன். உயரமான கூரை, மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' மேல்தளம், முற்றத்தில் காலை வெயில், எல்லாம் அருமை. ஆனால் குளியலறை பின்னாளில் சேர்த்துக் கட்டியது. அறையிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்று இரவும் அப்பா எழும்போதெல்லாம் நானும் எழுந்தேன். வேறு அறைக்கு மாறிக்கொள்ளலாம் என்றால், மொத்தமே நாலு அறை, எதுவும் காலியில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், நடுராத்திரியில் கூப்பிட்டால் வர ஒரு ஆள், இதற்கெல்லாம் சேர்த்துத்தான் பெரிய ஹோட்டல் காசு வாங்குகிறது. வயதானவர் கூட வரும்போது அது வீண்செலவு இல்லை.

அதனால் வீட்டுக்காரரிடம் அம்மாவுக்குத் தரைத்தள அறை உண்டா என்று கேளுங்கள். குளியலறையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாசல் வரை கார் வருமா, எங்கே நிறுத்துவது என்பதையும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்பதும் முக்கியம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' அங்கீகாரத்துக்கு அது ஒரு நிபந்தனை, அறைகளும் ஆறுக்கு மேல் போகக்கூடாது. அங்கீகாரம் இருந்தால் நல்லது.

அப்புறம், வெள்ளி, சனி வேண்டாம். சென்னை, பெங்களூர்க் கூட்டம் மொத்தமும் அன்றைக்குத்தான் அங்கே இருக்கும், வாடகையும் ஏறியிருக்கும். கல்யாண நாளே புதன்கிழமைதானே! லீவு கிடைக்குமென்றால் செவ்வாய், புதன், வியாழன் என்று மாற்றி விலை கேளுங்கள். இணையத் தளம் வழியாகப் போகாமல் நேரடியாகப் போனில் பேசினால், தளத்துக்குப் போகும் கமிஷனில் ஒரு பங்கை உங்களுக்குக் குறைக்க அவர்களுக்கும் இடமிருக்கும். வீட்டுக்காரர் ஆண்டு மொத்த வரவு (செலவு கழிக்காமல்) 20 லட்சத்துக்குள் இருந்து ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர் என்றால், நேரடியாகப் பதிவு செய்யும் உங்களிடம் அந்த வரியை வாங்கக்கூடாது. வாங்கினால் பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும், புதுச்சேரி எண் 34 என்று தொடங்கும்.

முன்பணம் அனுப்பும் முன், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து அறை வைத்திருப்பவருக்கு ஒரு அறை காலியானாலே பெரிய நஷ்டம், அதனால் சின்ன இடங்களில் கறாராக இருப்பார்கள்.

தரைத்தள அறை இல்லை என்றாலோ, குளியலறைப் படம் திருப்தியாக இல்லை என்றாலோ தயங்காமல் ஹோட்டலுக்குப் போங்கள். ஆனால் இரண்டே இரவு, 32,450 ரூபாய். ஒரு மாலை அம்மாவை ஹோட்டலில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் டூமாஸ் வீதியில் அந்தப் பழைய வீடுகளைப் பார்த்தபடி நடந்துவிட்டு வாருங்கள்.