அடி யார் மேல் விழுகிறது?

கேள்வி: போட்டியாளரின் சேவையைத் தடுக்கிற நிறுவனத்தை, பாதிக்கப்பட்டவரும் அதே மாதிரி திருப்பித் தடுத்தால் என்ன தவறு? முதலில் வம்புக்கு வந்தது அவன்தானே?

பதில்: வம்புக்கு வந்தவன் மேல் எனக்கும் கோபம் உண்டு. 2015 அக்டோபரில், டிவியில் இணைய வீடியோ பார்க்க உதவும் கருவிகளான கூகுளின் குரோம்காஸ்டையும் ஆப்பிள் டிவியையும் இனி விற்க மாட்டோம் என்று அமேசான் அறிவித்தது. தன்னுடைய வீடியோ சேவையான பிரைம் வீடியோ அவற்றில் சரியாக ஓடவில்லை என்று காரணம் சொன்னது. கடைக்காரரே போட்டியாளராகவும் இருந்தால் நடக்கிற அநியாயம் இது. கூகுள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, அது திருப்பி அடித்தது யாரை? 2017இல் அமேசானின் எக்கோ ஷோவில் யூடியூபை நிறுத்தியது. எக்கோ ஷோ என்பது சமையல் மேடையில் வைத்துக்கொள்ளும் ஏழு அங்குலத் திரை. சுமார் 230 டாலர் கொடுத்து அதை வாங்கி, மாவு பிசைந்த கையோடு, வாயால் சொல்லியே வீடியோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் யூடியூப் வரவில்லை. அவர் கூகுளுக்கு என்ன கெடுதல் செய்தார்? எய்தவன் இருக்க அம்பை நோவதுகூட இல்லை இது; அம்பு பட்டவரையே மறுபடி அடிப்பது. அப்புறம் அமேசானின் டிவிக் கருவியான ஃபயர் டிவியிலும் யூடியூப் போயிற்று. இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகி, 2019 ஜூலையில்தான் அது திரும்பி வந்தது.

இன்னொன்று. திருப்பி அடிக்க யூடியூப் மாதிரி ஏதாவது கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் தம்பதி 2006இல் ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய சில நாளிலேயே கூகுள் தேடலில் அது எங்கோ பின்னுக்குப் போய்விட்டது. பதிலுக்கு அவர்கள் கூகுளுக்கு எதைத் தடுக்க முடியும்? 2009இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தைக் கவனிக்கிற ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். போட்டித் தளங்களைப் பின்னுக்குத் தள்ளித் தன் விலை ஒப்பீட்டுச் சேவையை முன்னால் காட்டியதற்காக, 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விழுந்தது. 2024 செப்டம்பரில்தான் ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தது. ஃபவுண்டெமை 2016இலேயே மூடிவிட்டார்கள்.

புகார் கொடுத்ததிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை ஏறக்குறைய பதினைந்து ஆண்டு! இதை இரண்டு ஆண்டில் முடிக்கும்படி சட்டத்தை மாற்று என்று குரல் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். பதிலுக்கு யூடியூபை நிறுத்து என்றால் வர மாட்டேன்.