சீகைக்கு எத்தனை பெயர்?

அன்புள்ள ஐயா,

பண்ணைக்காட்டிலிருந்து எழுதுகிறேன். முதுகலை தாவரவியல், இரண்டாம் ஆண்டு. பழனி மலைப் புல்வெளிகளில் சீகை மரம் (இங்கிலீஷில் வாட்டில்) பரவியதுதான் என் ஆய்வேட்டின் தலைப்பு. இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு அத்தியாயம் எழுதச் சொல்கிறார் நெறியாளர். கூகுள் ஸ்காலரில் பழனி என்று இங்கிலீஷில் போட்டால் கோயிலும் பஞ்சாமிர்தமும், பழனி என்று பெயருள்ள ஆசிரியர்களும்தான் வருகிறார்கள். இரண்டு வாரத்தில் தேறியவை ஏழு கட்டுரைகள். அதில் மூன்றுக்குப் பணம் கேட்கிறது. 'இது குறித்து ஆய்வுகள் அதிகம் இல்லை' என்று எழுதிவிடலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த ஒரு வரியை மட்டும் இப்போது எழுதாதீர்கள். நம் மலையைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கூப்பிடும் பெயரில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். தாவரவியலாளர் ஃபைசன் 1915இல் வெளியிடத் தொடங்கிய தாவர நூலின் தலைப்பிலேயே இந்த மலை 'புல்னி'தான். பி, யு, எல், என், இ, ஒய். பின்னால் வந்தவர்கள் எல்லுக்கும் என்னுக்கும் நடுவில் 'ஏ' இல்லாமல் 'பால்னி' என்று எழுதினார்கள். இந்த இரண்டையும் போட்டுத் தேடுங்கள், பஞ்சாமிர்தம் விலகிக்கொள்ளும். கொடைக்கானல் என்று தனியாகவும் ஒரு தடவை.

அப்புறம் மரம். இன்றைய பெயர் அகேசியா மியர்ன்சி. அது 1925இல் வைத்த பெயர். அதற்குப் பிறகும் நம் வனத்துறைக்காரர்கள் வெகுகாலம் மொல்லிசிமா என்றும் டெக்கரன்ஸ் என்றும்தான் எழுதினார்கள். மியர்ன்சி என்று மட்டும் தேடினால் அந்தக் காலம் முழுக்க உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று தேடியிருப்பீர்கள். அன்று நட்டவர்கள் அதை அப்படி நினைக்கவே இல்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், எரிக்க விறகு வேண்டும் என்றுதான் நட்டார்கள். புல்வெளியை வெறும் தரிசாகப் பார்த்தார்கள். அதனால் அவர்கள் கட்டுரைகளில் பட்டை, டானின் (பட்டையிலுள்ள, தோல் பதனிடும் பொருள்), தோட்டம், தரிசு நிலம் என்ற சொற்கள்தான் இருக்கும். 1875 முதல் வரும் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் இந்தச் சொற்களை வைத்துத் தேடுங்கள். அன்று தோட்டம் என்றது எப்போது ஆக்கிரமிப்பு ஆனது? என்னைக் கேட்டால் உங்கள் அத்தியாயத்தின் முதுகெலும்பே இந்தக் கேள்விதான்.

கையில் இருக்கும் ஏழும் போதாது என்று கவலைப்படாதீர்கள். அவற்றில் நல்லதாக ஒன்றை எடுங்கள். அதன் கடைசிப் பக்கத்திலுள்ள மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னால் கூட்டிப்போகும். ஸ்காலரில் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று ஒரு எண் இருக்கும். அதைத் தொட்டால் முன்னால் போகலாம். பக்கத்திலேயே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு உண்டு. பணம் கேட்கும் கட்டுரையின் இலவசப் பிரதி பல சமயம் அங்கேயே கிடைக்கும். இல்லாவிட்டால் எழுதியவருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். கூச்சமே வேண்டாம், தன் கட்டுரையை ஒரு மாணவி கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம். அவற்றின் இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் நீங்கள் எழுதப் போவதைப் போன்றதுதான். வழி தெரிந்துகொள்ளப் படியுங்கள். வரிகளை எடுக்காதீர்கள்.

ஏ.ஐ.யிடம் பட்டியல் கேட்பவர்கள் இப்போது அதிகம். இல்லாத கட்டுரைக்கும் அது அச்சு அசலாகத் தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும். நீங்களே திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன சொல் போட்டேன், எங்கே தேடினேன், என்றைக்கு, எத்தனை வந்தது, எத்தனை எடுத்தேன் என்று தேடும்போதே எழுதிவிடுங்கள். 'புல்னி, டானின், ஸ்காலர், செவ்வாய்க்கிழமை' என்று ஒரு வரி போதும். மலையில் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது விட்ட இடம் தெரியும். நாளைக்கு வாய்மொழித் தேர்வில் 'எப்படித் தேடினாய்?' என்று கேட்டால், அந்த நோட்டை எடுத்து வைக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்றும் அகப்படாவிட்டால் அந்த வரியை எழுதுங்கள். எந்தெந்தப் பெயரில் தேடினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இந்த வாரமே உங்கள் ஊரில் வயதானவர்கள் இரண்டு பேரைப் பாருங்கள். மேல்மலையில் சீகை நட்டபோது கூலிக்குப் போனவர்கள் யாராவது இருப்பார்கள். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அதை வைத்து ஸ்காலரில் ஆண்டைக் குறுக்கித் தேடிப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.