வண்டி போச்சு, பணம் எவ்வளவு வரும்? கேள்வி பதில்

விபத்துச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருபது வருடத்துக்கு மேல் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தவன் நான். இப்போது ஓய்வு, ராமநாதபுரத்தில் வாசம். டீ குடிக்கப் போனாலும் யாராவது ஒரு பாலிசித் தாளை நீட்டிவிடுகிறார்கள். அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பரமக்குடியிலிருந்து: சார், பார்த்திபனூர் பக்கம் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டோம். ஆளுக்கு ஒன்றும் இல்லை. வொர்க்‌ஷாப்பில் 3,40,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டு, "இது டோட்டல் லாஸ்தான்" என்கிறார்கள். வண்டியின் ஷோரூம் விலை 7 லட்சம். மூன்று வருடம் முடிந்து பாலிசி புதுப்பித்தோம். எவ்வளவு கிடைக்கும்?

முதலில் அந்த 7 லட்சத்தை மறந்துவிடுங்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி முழுதாகப் போனால், அதாவது டோட்டல் லாஸ் ஆனால், கம்பெனி தரும் உச்சத் தொகை அதுதான். ஷோரூம் விலையில் வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழித்து அதைப் போடுவார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருடத்துக்கு மேல் போனால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. உங்கள் வண்டிக்கு 40 சதவீதம் போக 4,20,000 இருக்க வேண்டும், எடுத்துப் பாருங்கள்.

ரிப்பேர் செலவு இந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். உங்களுக்கு அது 3,15,000. எஸ்டிமேட் தாண்டிவிட்டதே என்கிறீர்கள். ஆனால் வொர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் வேறு, பாலிசி விதிப்படி சர்வேயர் ஒத்துக்கொள்ளும் தொகை வேறு. சாமான்களின் விலையில் தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் கவர் எடுக்காத பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார். இரும்புப் பாகத்துக்கும் வயதைப் பொறுத்துக் கழிவு உண்டு. அதெல்லாம் போய் 2,80,000 என்று நின்றால், அது டோட்டல் லாஸ் ஆகாது. வண்டியைச் சரிசெய்யத்தான் வேண்டும், மீதி உங்கள் கைக்காசு. அதனால் சர்வேயர் முடிவு எழுத்தில் வரும்வரை புது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பரமக்குடியிலேயே ஒருவர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதார்.

டோட்டல் லாஸ் என்றே முடிவானால், 4,20,000-இல் கட்டாயப் பிடித்தம் மட்டும் போகும். 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. உங்கள் வண்டி 1500 சிசிக்குள் என்றால் கையில் 4,19,000. "இன்றைய மார்க்கெட்டில் உங்கள் வண்டி மூன்றரை லட்சம்தான் போகும்" என்று யாராவது பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலிசி தொடங்கும்போது போட்ட ஐ.டி.வி.யை, டோட்டல் லாஸ் கொடுக்கும்போது இன்னொரு முறை குறைக்க முடியாது.

ஐ.டி.வி. பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதே சந்தேகம். ஊருக்கெல்லாம் சொன்ன நான், ஒரு வருடம் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று என் சொந்தக் காரின் தொகையை 60,000 இறக்கிப் போட்டேன். மிச்சமானது ஆயிரம் ரூபாய்கூட இல்லை. ஐந்தாவது மாதம் தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாட்டுக்கு ஒதுங்கி, வண்டி பனைமரத்தில் ஏறியது. அறுபதாயிரம் போனது போனதுதான். என் வீட்டுக்காரி இன்றும் அந்த மாட்டை விசாரிப்பாள்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, மழை வெள்ளத்தில் கார் டேஷ்போர்டு வரை முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் மச்சான் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். இப்போது இன்ஜினுக்குப் பணம் கிடையாது என்கிறார்கள். வெள்ளம் பாலிசியில் வராதா?

வரும். சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த முழு பாலிசியில் வெள்ளமும் புயலும் சேர்த்திதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கும் பொருந்தும். சிக்கல் மச்சான் போட்ட சாவியில்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் கம்பி வளைந்துவிடும். இதை வெள்ளத்தின் சேதமாகப் பார்க்காமல், பிறகு நீங்களாக வரவழைத்த சேதமாகப் பார்ப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருந்தால் தப்பிக்கலாம். பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இதில் இன்னொரு வினையும் இருக்கிறது. இன்ஜினைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மீதிச் செலவு 75 சதவீதத்தைத் தொடாமல் போகலாம். அப்போது டோட்டல் லாஸும் இல்லை, இன்ஜினுக்குப் பணமும் இல்லை. அதனால் சண்டை போடுவதானால், "சாவி போடும் முன்பே காற்று வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது, சீட், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் முங்கியிருந்தது" என்பதற்குப் படம் காட்டிச் சண்டை போடுங்கள். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி எடுத்த போட்டோ இருந்தால் அதுதான் உங்கள் வக்கீல். அடுத்த மழைக்கு, முங்கிய வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ரெக்கவரி வண்டிக்குச் சொல்லுங்கள். மச்சானிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, வண்டி அண்ணன் பேரில். அவர் துபாயில். ஓட்டியது நான், லைசென்ஸ் இருக்கிறது. கிளெய்ம் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் அண்ணன் சம்மதத்தோடு ஓட்டலாம். ஆனால் பணம் அண்ணன் பேரில் உள்ள கணக்குக்குத்தான் போகும், கையெழுத்தும் அவருடையதுதான். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் ஒரு அதிகாரப் பத்திரம் அத்தாட்சி செய்து அனுப்பச் சொல்லுங்கள். டோட்டல் லாஸ் ஆகி, நொறுங்கிய வண்டியை வாங்குபவரிடம் கொடுக்கும் நாளில் அது இல்லாமல் அல்லாடுவீர்கள்.

உச்சிப்புளியிலிருந்து: சார், மூன்று மாதம் முன்பு பழைய கார் வாங்கினேன். ஆர்.சி. என் பேருக்கு மாறிவிட்டது. இன்சூரன்ஸ் மட்டும் பழைய ஓனர் பேரிலேயே ஓடுகிறது. நேற்று பள்ளத்தில் விழுந்து உருண்டுவிட்டது.

இதற்குப் பதில் எழுதவே கை வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, வண்டி கைமாறினால் பாலிசியும் தானாக மாறியதாக வைத்துக்கொள்ளும். ஆனால் அது மூன்றாம் நபர் பாதிப்புக்கு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு மட்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு அது உதவாது. வாங்கிய 14 நாளுக்குள் ஒரு கடிதமும் சின்னக் கட்டணமும் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். கிளெய்ம் போட்டுப் பாருங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: வெள்ளை போர்டு வண்டியில் கோயிலுக்கு வருபவர்களை தனுஷ்கோடிக்கு வாடகைக்குக் கூட்டிப்போனபோது விபத்து. சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். உள்ளே இருந்தவர்களிடம் விசாரிப்பார்கள், போலீஸ் எஃப்.ஐ.ஆரில் ஊரும் பேரும் இருக்கும். பொய் என்று தெரிந்தால் அதையே காரணம் காட்டி மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். வாடகைக்கு ஓட்டியது விதிமீறல்தான். ஆனால் இதே மாதிரி ஒரு வழக்கில், முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொல்லி, கிடைக்க வேண்டிய கிளெய்ம் தொகையில் 75 சதவீதம் கேட்டுப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து: தப்பு முழுக்க எதிரே வந்த வேன்மேல். நான் ஏன் என் பாலிசியில் கிளெய்ம் போட்டு கிளெய்ம் போடாமல் சேர்த்த என் 50 சதவீத போனஸை (பிரீமியத் தள்ளுபடியை) இழக்க வேண்டும்?

நியாயமான கோபம். வேனின் மூன்றாம் நபர் பாலிசியில், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்கலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். அந்த வழி நீளம், அதுவரை வண்டி இல்லாமல் இருக்க வேண்டும். வண்டியே போன நிலையில் நான் என்றால் என் பாலிசியில் வாங்கிக்கொண்டு, அதில் வராத நஷ்டத்தை மட்டும் வேன்காரரிடம் கேட்பேன். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

சாயல்குடியிலிருந்து: தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கிளெய்ம் உண்டா?

கிடையாது. தேய்மானமும் துருவும் எந்த பாலிசியிலும் வராது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்துவிட்டது. நம்ம வண்டி எம்மாத்திரம்.

ஏர்வாடியிலிருந்து: அண்ணே, டோட்டல் லாஸ் என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். "வண்டியை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் மதிப்பைக் கழித்துத் தருகிறோம், இல்லையென்றால் நாங்கள் சொல்லும் ஆளிடம் கொடுங்கள்" என்கிறார்கள். லோன் வேறு பாக்கி. எது லாபம்?

பரமக்குடிக்காரரின் கணக்கையே வைத்துப் பார்ப்போம். கையில் வரவேண்டியது 4,19,000. நொறுங்கிய வண்டிக்கு 1,10,000 மதிப்புப் போட்டால், வைத்துக்கொள்பவருக்கு 3,09,000 வரும். அந்த வண்டியை நீங்கள் வெளியே 1,10,000-க்கு மேல் விற்க முடியும் என்றால்தான் லாபம். காயலான் கடையில் கேட்டால் எடைக்குத்தான் விலை சொல்வார்கள். உங்களுக்கு டிங்கரிங் தெரிந்த தம்பி இருந்தால் வேறு கதை. இல்லையென்றால் கம்பெனி காட்டும் ஆளிடமே விடுங்கள்.

விடும்போதுதான் கவனம் வேண்டும். வண்டியை வாங்கிப்போனவர் சரிசெய்து, பேர் மாற்றாமல் ஓட்டி, யாரையாவது இடித்துவிட்டால் ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் ஒன்று ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள், அல்லது பேர் மாறும்வரை விடாமல் துரத்துங்கள். உபயோகத்துக்கே ஆகாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ரத்து செய்தால், கட்டிய ஆயுள்வரியில் மீதிக் காலத்துக்கு ஒரு பங்கு திரும்பக் கேட்கலாம். அங்கேயே விண்ணப்பம் கேளுங்கள். ஃபாஸ்டேகையும் உரித்து, கணக்கை மூடிவிடுங்கள். வண்டி போன பிறகும் ஏதோ ஒரு டோல்கேட்டில் பணம் பிடித்த குறுஞ்செய்தி வந்து திடுக்கிட்டவர்களை எனக்குத் தெரியும்.

லோன் விஷயம்: பணம் முதலில் பைனான்ஸுக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. பாக்கி 3,60,000 என்றால் 4,19,000-இல் உங்கள் கைக்கு 59,000. பாக்கி அதைவிட அதிகம் என்றால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கிளெய்ம் முடியும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். வண்டி இல்லை என்பது பைனான்ஸ்காரருக்குக் காரணமே இல்லை.

தேவிபட்டினத்திலிருந்து: சர்வேயர் வந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. போன் போட்டால் "ப்ராசஸில் இருக்கிறது" என்கிறார்கள். எங்கே போவது?

போன் போடுவதை நிறுத்திவிட்டு எழுதுங்கள். 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விட்ட சுற்றறிக்கைப்படி, சர்வேயரை நியமித்த 15 நாளில் ரிப்போர்ட் வர வேண்டும், அதற்குப் பிறகு 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை நடந்துவிடும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் சென்னை ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள்.

குறைந்த தொகைக்கு டிஸ்சார்ஜ் வவுச்சரை (இதோடு கிளெய்ம் தீர்ந்தது என்று ஒத்துக்கொள்ளும் தாளை) நீட்டினால், "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

திருப்புல்லாணியிலிருந்து: பணம் வந்துவிட்டது, 4 லட்சம் சொச்சம். அடுத்து என்ன வாங்கலாம் மாமா?

மருமகனே, புதிது என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, அது உதவும். ஆனால் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள வண்டிக்கு நம் மாநிலத்தில் 13 சதவீதம் சாலை வரி, அதையும் கூட்டிப் பாருங்கள். புதிது எடுத்தால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவரைச் சேருங்கள். முதல் சில வருடத்தில் வண்டி முழுதாகப் போனால் இன்வாய்ஸ் விலை வரைக்கும் வரும். சில பாலிசிகளில் "இன்வாய்ஸ் விலையா, அதே மாடலின் இன்றைய விலையா, எது குறைவோ அது" என்று சின்ன எழுத்தில் இருக்கும், அந்த வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்ஜின் புரொடெக்டும் நம் கரையில் அவசியம்.

பழையது என்றால் மதுரைப் பக்கத்து வண்டி பாருங்கள், கடற்கரை வண்டி வேண்டாம். ஆர்.சி. நிலையைப் பரிவாகன் செயலியில் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே மடங்கியிருந்த பகுதியில் தண்ணீர்க் கறை தெரிகிறதா பாருங்கள். ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள். மண் இருந்தால் விற்பவர் "பீச்சுக்குப் போன மணல்" என்பார். பீச் மணல் பொலபொலவென்று உதிரும். வெள்ளத்துச் சேறு நகத்தால் சுரண்டினால்தான் வரும்.