பொக்குளிப்பான் வந்து பல ஆண்டுகளின் பின் அக்கி வருவது ஏன்?

கேள்வி: 64 வயதான என் மாமிக்கு வலப்பக்க விலாவில் இரண்டு நாட்களாக எரிவுடன் கொப்புளங்கள். சிறுவயதில் பொக்குளிப்பான் வந்தவர். வைத்தியர் இது அக்கி, டி.என்.ஏ. வைரஸால் வருவது என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். அம்மாள் வருத்தத்துக்கு மருந்து எடுக்கக்கூடாது என்று அயலவர்கள் மறிக்கிறார்கள். இது பரம்பரைக்கும் போகுமா? நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: குளிசைகளை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட்டால்தான் முழுப் பயன் தரும். அதில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. வாசலில் வேப்பிலை வைப்பதற்கும் வீட்டின் வழிபாட்டுக்கும் நான் மாறு சொல்லவில்லை, ஆனால் அவற்றுக்காகக் குளிசையைத் தள்ளிப்போடுவதை ஏற்கமாட்டேன். மாமிக்குச் சிறுநீரக நோய் இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

பொக்குளிப்பானையும் அக்கியையும் உண்டாக்குவது ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே வைரஸ்தான். பொக்குளிப்பான் மாறிய பின்னும் அது உடலைவிட்டு நீங்காமல், முள்ளந்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். முதுமையாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது, ஒரு முடிச்சிலிருந்து விழித்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வரும். அதனால்தான் கொப்புளங்கள் முதுகிலிருந்து முன்புறம் வரை ஒரு பட்டியாகப் படர்ந்து, பெரும்பாலும் உடலின் நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே எரிவு தொடங்குவதால், நெஞ்சு நோவென்றும் பித்தப்பைக் கல்லென்றும் எண்ணி அலைபவர்கள் உண்டு. முதியவர்களுக்குப் புண் ஆறிய பின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அவ்வாறானால் அதற்குத் தனியே மருந்து உண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வருமானால் கண் பாதிக்கப்படக்கூடும், அன்றே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

டி.என்.ஏ. என்றதும் பரம்பரையை நினைத்து அஞ்சவேண்டாம். டி.என்.ஏ. வைரஸ் என்பது தன் மரபுப் பொருளாக டி.என்.ஏ.வைக் கொண்ட வைரஸ், அவ்வளவுதான். இந்த வைரஸின் டி.என்.ஏ. நரம்புக் கலத்தின் கருவுக்குள் தனித்த துண்டாகவே கிடக்கிறது, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. டி.என்.ஏ. வைரஸ்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வோர் இயல்பு. ஈரல் அழற்சி பி வைரஸும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸும் சிலரில் மனித மரபணுத் தொகுதிக்குள்ளேயே சொருகிக்கொள்வதால் புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றன. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, பாடசாலையில் மாணவியருக்குப் பப்பிலோமா தடுப்பூசி போடும்போது மறுக்காதீர்கள். பெரியம்மை வைரஸோ கலக்கருவுக்குள் நுழையாமல் வெளியிலேயே பெருகுவது, உடலில் ஒளிந்திருப்பதும் இல்லை. தடுப்பூசியால் அது உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்களைப் பற்றி. உங்களுக்குப் பொக்குளிப்பான் வந்திருந்தால் கவலைப்படத் தேவையில்லை. வரவில்லை என்றாலோ நிச்சயமில்லை என்றாலோ, மாமியின் கொப்புள நீர் உங்கள்மீது பட்டால் உங்களுக்கு அக்கியல்ல, பொக்குளிப்பானே வரும். கர்ப்ப காலத்தில் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்கலாம். ஆகவே நாளைக்கே கர்ப்பிணிகள் கிளினிக்கில் விடயத்தைச் சொல்லி, எதிர்ப்பு உடல் உள்ளதா என இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள். தேவைப்படும் பாதுகாப்புச் சிகிச்சையைக் குறித்த நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அதுவரை மாமியின் புண்களைத் துணியால் மூடி, அவருடைய துவாயையும் படுக்கை விரிப்பையும் வேறொருவர் துவைக்கட்டும். எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டிய பின் அவரிடமிருந்து தொற்றாது.