5,000 டாலரில் பி.பி. குறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன் மக்களிடையே உள்ள உடல்நல ஏற்றத்தாழ்வைக் குறைக்க 5,000, 10,000 டாலர் என்று உள்ளூர் அமைப்புகளுக்குச் சின்னச் சின்னதாக நிதி கொடுக்கிறார்களே, பயன் உண்டா, இல்லை கண்துடைப்பா?

கேட்டவர் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். பயன் உண்டு. ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்து சேருகிற விதம் இருக்கிறதே, அதைக் கொட்டித் தீர்க்கத்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. நியூ ஜெர்சியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். "உனக்கென்ன தெரியும்" என்று வரப்போகிறவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம். ஆபீஸ் தோழி ஒருத்தி நெவார்க்கில் ஒரு கறுப்பினக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். "உனக்குத்தான் எக்ஸெல் வருமே" என்று இழுத்துக்கொண்டு போனாள். அப்படி ஒரு 5,000 டாலர் நிதியில் சலூனில் பி.பி. பார்ப்பது திட்டம்.

எங்கள் மூளையில் உதித்ததல்ல. லாஸ் ஏஞ்சலஸில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவரின் குழு 52 சலூன்களில் 319 கறுப்பின ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மருந்தாளுநரே சலூனுக்கு வந்து மருந்து கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. "டாக்டரைப் பாருங்க" என்று சலூன்காரர் சொன்னதோடு விட்டவர்களுக்கு 9 புள்ளிதான். எங்களிடம் மருந்தாளுநருக்கு ஏது காசு? 5,000 டாலரில் நாலு மெஷின், நோட்டீஸ், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவு, அவ்வளவே.

அதுவும் முன்னால் வராது. நாம் செலவு செய்து ரசீது அனுப்ப வேண்டும், பிறகு தருவார்கள். காசில்லை என்றுதானே ஐயா கேட்டோம்? சபையில் எல்லோரும் 'மதர்' என்று கூப்பிடும் பாட்டி தன் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார். நாலு மாத வட்டி அவர் தலையில்.

முதல் சனிக்கிழமை ஒரு லாரி டிரைவர் வந்தார். கை என் தொடை பருமன். கையில் சுற்றிய பி.பி. மெஷின் பட்டை, காற்று ஏற ஏறப் பட்டென்று பிரிந்துவிட்டது. இறுக்கிக் கட்டலாமா என்றேன். "பட்டை சின்னதா இருந்தா, இல்லாத பி.பி.யை இருக்கிறதாக் காட்டும்மா, தொடாதே" என்றார் நர்ஸ். பெரிய பட்டை வாங்க பட்ஜெட்டில் இடமில்லை, எழுத்தில் அனுமதி கேட்க வேண்டுமாம். மூன்று வாரம் பதிலே இல்லை. என் காசில் வாங்கினேன்.

அதைக் கட்டிப் பார்த்தால் 186/112. அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சலூன்காரர் ஒரு பக்கம் வெட்டி முடித்து மெஷினை அணைத்துவிட்டார். "கிளினிக்குக்குப் போன் போடு. மீதி அப்புறம்." பாதித் தலையோடு மனுஷன் போன் போட்டார். இதை நீங்களோ நானோ சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? வருஷக் கடைசி அறிக்கையில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. 'பரிசோதிக்கப்பட்டோர்: 1' என்று போட்டேன்.

இனம் பார்த்து ஏன் கொடுக்கிறார்கள் என்று ஒரு குரல் வரும். 2021-இல் லட்சம் பிறப்புக்கு இறந்த தாய்மார் வெள்ளையரில் 26.6, கறுப்பினத்தவரில் 69.9. போதுமா?

நம்மவர்களையும் சொல்லாமல் விட முடியவில்லை. "அந்த ஏரியாவுக்கா தனியா போறே?" என்று கேட்ட அதே அக்காமார்களிடம், பொங்கல் விழாவில் சுகர் பார்க்க ஒரு மேஜை கேட்டேன். நம் போன்ற ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 23-ஐத் தொட்டாலே சுகர் பார்க்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவு சங்கம் 2015-லேயே சொல்லிவிட்டது. "விழா அன்னைக்கு எதுக்கு அபசகுனமா" என்றார்கள். கடைசியில் ஜிலேபி ஸ்டாலுக்குப் பக்கத்தில் அரை மேஜை கிடைத்தது. ஒன்பது பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் கையில் ஜிலேபி.

சரி, கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பத்தை அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் போன் போட்டு, முன்பணம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். பட்ஜெட்டில் பெரிய பட்டை இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.