ஃபோன் 11 இன்ச் பனி என்கிறது, எதை நம்புவது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சென்னையிலிருந்து சிகாகோ பக்கத்து ஆரோராவுக்கு வந்து இது உங்களுக்கு முதல் குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை ஃபோனைப் பார்த்தால், வரும் சனிக்கிழமை 11 இன்ச் பனி என்று காட்டியது. திங்கள் காலை அதே ஃபோன் 2 இன்ச் என்கிறது. அலுவலகத்தில் வானிலைப் பைத்தியமாக இருக்கும் ஒரு நண்பர், "வியாழன் வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியம் உங்கள் அப்பா அம்மா சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். டிக்கெட்டை மாற்றலாமா, யார் பேச்சை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டிக்கெட். இப்போது கை வைக்காதீர்கள். சனி மதியம் இங்கே இறங்க, அவர்கள் சனி அதிகாலை சென்னையில் விமானம் ஏறுவார்கள். இங்கே வெள்ளி காலை 8 மணி என்றால் அங்கே வெள்ளி இரவு 7.30. அதுவரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பெரிய புயல் உறுதியானால் விமான நிறுவனங்களே ஒன்றிரண்டு நாள் முன்னால், கூடுதல் கட்டணம் இல்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று பெரும்பாலும் அறிவித்துவிடும். இன்றைக்கே மாற்றினால் பணமும் போகும், சனிக்கிழமை பளிச்சென்று வெயிலும் அடிக்கலாம்.

உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. அவர் ஏன் வியாழனைக் குறிப்பிட்டார் என்று புரிந்துகொண்டால் இனி ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தப் பதற்றம் இருக்காது.

சனிக்கிழமை நம் தலைமேல் கொட்டப்போவதாகச் சொல்லும் அந்தச் சலனம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? பசிபிக் கடலுக்கு மேலே. அங்கே செயற்கைக்கோள் பார்க்கிறது, ஆனால் காற்றுக்குள் புகுந்து அளப்பதற்கு ஆள் குறைவு. அது மேற்குக் கரை ஏறிய பிறகுதான், வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை நாடு முழுக்கப் பறக்கவிடும் வானிலை பலூன்களின் வலைக்குள் நன்றாகச் சிக்கும். அப்புறம் ராக்கி மலைத்தொடரைத் தாண்டி, கொலராடோ பக்கமோ டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் 'பேன்ஹேண்டில்' என்னும் வால் போன்ற பகுதியிலோ புதிதாகத் தாழ்வு மையம் உருவாக வேண்டும். அது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு வடகிழக்கே வளைந்து நம் பக்கம் ஏறும். வானிலை ஆர்வலர்கள் 'பேன்ஹேண்டில் ஹூக்' என்பது இதைத்தான். மிட்வெஸ்ட்டில் பெரும் பனி கொட்டும் புயல்களில் பல இந்த வழியாக வந்தவை.

இன்னொரு வகை 'ஆல்பெர்ட்டா கிளிப்பர்'. கனடாவிலிருந்து விறுவிறுவென்று இறங்கி ஓடிவிடும். ஈரம் குறைவு. ஒன்றிலிருந்து மூன்று, நான்கு இன்ச் பொடிப் பனி தூவிவிட்டுப் போகும், பின்னாலேயே கடுங்குளிர் வரும். அதற்கெல்லாம் யாரும் டிக்கெட் மாற்ற மாட்டார்கள்.

சனிக்கிழமை வரப்போவது முதல் வகை. அதில்தான் தலைவலி. தாழ்வு மையம் போகும் பாதைக்கு வடமேற்கே, சுமார் நூறு மைல் தள்ளி, ஒரு பட்டையாகத்தான் கனத்த பனி விழும். மையம் இண்டியானா நடுவே போனால் அந்தப் பட்டை நம் மேல் விழும், ஆரோரா முழுகிவிடும். மையம் தென்மேற்கே உள்ள பியோரியா வழியாக சிகாகோவை நோக்கி வந்தால் நமக்கு மழையும் சகதியும்தான், பனி வடமேற்கே ராக்ஃபோர்டுக்கும் மேடிசனுக்கும் போய்விடும். தெற்கே ஒஹாயோ ஆற்றோரம் போனால் நமக்கு மேகம் மட்டும். ஐம்பது அறுபது மைல் விலகலில் 11 இன்ச் 2 இன்ச் ஆகிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, இன்னும் உருவாகாத ஒரு மையத்தின் பாதையை ஐந்து நாள் முன்பே அந்தத் துல்லியத்தில் சொல்ல வானிலையைக் கணக்கிடும் எந்தக் கணினி மாடலாலும் முடியாது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வு மண்டலம் கடலூரில் கரை ஏறுமா நெல்லூருக்குப் போகுமா என்று காத்திருப்பீர்களே, அதே கதைதான்.

உங்கள் ஃபோன் இதில் எதையும் சொல்வதில்லை. பல ஆப்கள் ஏதோ ஒரு மாடலின் கடைசி ஓட்டத்தில் வந்த எண்ணை அப்படியே காட்டுகின்றன, நடுவில் மனிதக் கண் கிடையாது. அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடும். நான்கு முறையும் எண் மாறும். ஐரோப்பிய மாடலும் கனடா மாடலும் தனித்தனியாக வேறு கதை சொல்லும். இதே மாடல்களைத் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல முறை ஓட்டுவார்கள், அதற்கு 'என்செம்பிள்' என்று பெயர். ஐரோப்பியருடையதில் 51 ஓட்டங்கள். அந்த 51-ல் எத்தனை நமக்கு 6 இன்சுக்கு மேல் கொடுக்கின்றன என்று பாருங்கள். ஐந்து நாள் முன்னால் உருப்படியான தகவல் என்றால் அதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாடல் முதலில் கணக்கிடுவது தண்ணீரை. அரை இன்ச் தண்ணீர் எத்தனை இன்ச் பனி ஆகும் என்பது குளிரைப் பொறுத்தது. பத்து மடங்கு என்பது வாய்ப்பாட்டுக் கணக்கு. உறைநிலைக்குப் பக்கத்தில் ஈரப் பனியாக விழுந்தால் அந்தப் பத்துகூட வராது. மேலே மேகத்துக்குள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் இடையே நல்ல ஏற்றக் காற்று இருந்தால் ஆறு கிளை விரித்த நட்சத்திரப் பனி உருவாகும். அது பஞ்சு போல ஒன்றன்மேல் ஒன்று இடைவெளி விட்டு உட்காரும், பதினைந்து, இருபது மடங்கு வந்துவிடும். ஜன்னலோரம் நின்று கறுப்பு ஜாக்கெட் கையில் ஒரு பனிப்பூவைப் பிடித்துப் பாருங்கள், கிளைகள் தெளிவாகத் தெரிந்தால் அளவு எகிறப்போகிறது என்று அர்த்தம். அரிசி நொய் மாதிரி உருண்டையாகச் சடசடத்தால், மேலே எங்கோ சூடான அடுக்கு புகுந்துவிட்டது, கணிப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, யாரை நம்புவது? முதலில் அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவை. சிகாகோ பகுதிக்கான அலுவலகம் ரோமியோவில் (Romeoville) என்ற ஊரில், உங்களிடமிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. அவர்கள் படத்தில் போடும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பணியில் இருக்கும் முன்கணிப்பாளர் அதிகாலையிலும் பிற்பகலிலும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதுவார். எந்த மாடலை ஏன் நம்புகிறார், எது தவறிப்போகலாம், மிச்சிகன் ஏரிக் காற்று என்ன செய்யும் என்று மனம்விட்டு எழுதியிருப்பார். 2016 வரை அதெல்லாம் முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் வரும், பழைய டெலிபிரிண்டர் காலத்து வழக்கம். வானிலை ஆர்வலர்கள் எல்லோரும் முதலில் தேடிப் படிப்பது இதைத்தான். நான் பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் படிக்கிறேன், இங்கே என் வானிலைப் பாடமே அதுதான்.

அடுத்து, உங்கள் நண்பரைப் போன்ற ஆர்வலர்கள். இவர்களை லேசாக எண்ணாதீர்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் ஜிஎஃப்எஸ் ஓட்டம் வரும்போது விழித்திருந்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பார்கள். ஒருவர் டேவன்போர்ட்டில், ஒருவர் மேடிசனில், ஒருவர் ஃபோர்ட் வெய்னில் இருப்பார், ஒவ்வொருவருக்கும் தன் ஊரில் கொட்டவேண்டும் என்று ஆசை. இந்தப் பனி ஆசை கணிப்பிலும் ஏறும். அதிகப் பனி காட்டும் படத்தையே எடுத்துக் காட்டுகிறவர் பேச்சில் பாதியைக் கழித்துவிடலாம். தன் ஊருக்கு ஒன்றும் கிடைக்காது என்று தானே காரணத்தோடு சொல்பவரையும், புயல் முடிந்த பிறகு தன் கணிப்பையும் நிஜ அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவரையும் விட்டுவிடாதீர்கள். "வியாழன் வரை தெரியாது" என்று சொல்லத் தைரியம் இருக்கும் உங்கள் நண்பர் அந்த ரகம் என்று தோன்றுகிறது. அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, 'இந்தத் தடவை எது சொதப்பலாம்?' என்று கேளுங்கள். எத்தனை இன்ச் என்பதைவிட அந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில் கிடைக்கும்.

மிச்சிகன் ஏரியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரி பெரிதாக உறையாமல் இருக்கும்போது கிழக்குக் காற்று அடித்தால் கரையோர சிகாகோவில் பனி மழையாக மாறும், நாற்பது மைல் மேற்கே நமக்குப் பனியாகவே விழும். அதுவே வடகிழக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று ஏரியின் நீளத்துக்கு ஓடி வந்தால், புயல் போன பிறகும் நகரத்தில் ஏரிப் பனி கூடுதலாகக் கொட்டும். ஓஹேர் நமக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே உள்ள நிலவரத்தை ஆரோரா ஜன்னலிலிருந்து ஊகிக்க முடியாது.

கணிப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 24 அன்று சிகாகோவில் 65 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 18 டிகிரி செல்சியஸ், வசந்தம் மாதிரி. 26-ம் தேதி காலை தொடங்கிய பனி மறுநாள் நிற்கும்போது 23 இன்ச். இன்றுவரை ஒரே புயலில் இந்த நகரம் கண்ட உச்சம் அது. அவ்வளவு வரும் என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை. 2011 பிப்ரவரி தொடக்கத்தில் 21.2 இன்ச் கொட்டியபோது எச்சரிக்கை முன்னதாகவே வந்துவிட்டது. இருந்தும் ஏரிக்கரைச் சாலையான லேக் ஷோர் டிரைவில் நூற்றுக்கணக்கான கார்கள் இரவில் சிக்கிக்கொண்டன. ஆகவே வெள்ளிக்கிழமை எச்சரிக்கை வந்தால், 'நம்ம கார் ஆல் வீல் டிரைவ்தானே' என்று கிளம்பிவிடாதீர்கள். முன்னால் போகும் லாரி குறுக்கே நின்றுவிட்டால் உங்கள் கார் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

அறிவிப்புகளை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். 'வாட்ச்' என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, திட்டத்தை யோசித்து வை. 'வார்னிங்' என்றால் வரப்போகிறது. நம் பகுதியில் 12 மணி நேரத்தில் சுமார் 6 இன்ச் என்ற கணக்கில் கொடுப்பார்கள். 'அட்வைஸரி' என்றால் தொல்லை உண்டு, வாழ்க்கை நிற்காது.

வியாழன் மதியம் ஒரு மணி வாக்கில் ஐரோப்பிய மாடல் முழுதாக வந்திருக்கும், பிற்பகல் ரோமியோவில்காரர்கள் குறிப்பும் வரும். இரண்டும் ஒரே பாதையைச் சொன்னால் அன்று இரவே அப்பாவிடம் பேசிவிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் வெள்ளி காலைக் குறிப்பு வரை பொறுங்கள். 8 இன்சுக்கு மேல், அதுவும் சனி மதியம்தான் உச்சம் என்றால் ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாற்றிவிடலாம். வயதானவர்கள் பதினைந்து மணி நேரம் பறந்து வந்து, வேறு ஊரில் இறக்கிவிடப்பட்டு மொழி புரியாமல் உட்காரவேண்டாம். 3, 4 இன்ச் என்றால் தாராளமாக வரட்டும். ஓஹேரில் அதெல்லாம் அன்றாட வேலை, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

உப்பும் ஷவலும் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள், வெள்ளி மாலை கடையில் அலமாரி காலியாக இருக்கும். ஈரப் பனி விழுந்தால் மொத்தமாக அள்ளாமல், விழ விழ இரண்டு மூன்று தடவையாகத் தள்ளுங்கள். இடுப்புக்கும் இதயத்துக்கும் அது பாரம். அப்பா உதவி செய்கிறேன் என்று வெளியே வந்தால் விடாதீர்கள். தெருவில் கார் நிறுத்துவீர்கள் என்றால் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள், பல புறநகர்களில் 2 இன்ச் விழுந்தாலே தெருவைக் காலி செய்ய வேண்டும்.

அப்புறம் அம்மாவிடம் இன்றைக்கே ஒன்று சொல்லிவிடுங்கள். ஜாக்கெட், குல்லா, கையுறை, காலுறை எல்லாம் கையில் கொண்டுவரும் பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டிக்குள் போடவேண்டாம். மாத்திரைகளும் அப்படியே. பனி நாளில் பெட்டி அடுத்த விமானத்தில் வருவது உண்டு. ஓஹேர் ஐந்தாம் டெர்மினல் வாசலில் காருக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடக் குளிரை இருவரும் சேலை, வேட்டியோடு தாங்க முடியாது.