பசித்தவருக்கும் ருசி உண்டு: உணவு வங்கிகள் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவில் நன்றித் திருநாள் நெருங்கும்போது தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளும் உணவுப் பொருள் திரட்டத் தொடங்குகின்றன. அப்படித் திரட்டிய பொருளைப் பெறுகிறவர்களுக்கு உண்மையில் எது தேவை, எது பிடிக்கும், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நியூஜெர்சியில் 11 ஆண்டுகளாக ஒரு பேன்ட்ரியின் (உணவுப் பொருளை மக்களுக்கு நேரடியாக வழங்கும் இடத்தின்) அலமாரிகளைப் பராமரித்துவரும் தன்னார்வலர் ஒருவர் பதில் எழுதியுள்ளார்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் பொருள் திரட்டுகிறோம். டின்னில் அடைத்த சோளமும் பீன்ஸும் பெட்டி பெட்டியாக வந்து சேர்கின்றன. இவை தேவைதானா, அம்மா?

பதில்: தேவைதான், ஆனால் நவம்பரில் அவற்றை வைக்கத்தான் எங்களிடம் இடம் இருப்பதில்லை. எல்லாச் சங்கங்களும் எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதத்தில் கடையின் ஒரே அடுக்கிலிருந்து மலிவானதை எடுத்து வருவதால் நேர்வது இது. உணவு வங்கிகளின் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்கா 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட நாடளாவிய ஆய்வில், உணவு உதவி பெறும் குடும்பங்களிடம், விரும்பியும் கிடைக்காமல் போகும் பொருட்கள் எவை என்று கேட்கப்பட்டபோது, 55 விழுக்காட்டுக் குடும்பங்கள் புதிய காய்கனிகளையும், 47 விழுக்காட்டுக் குடும்பங்கள் இறைச்சி போன்ற புரத உணவுகளையும், 40 விழுக்காட்டுக் குடும்பங்கள் பால் பொருட்களையும் குறிப்பிட்டன. இவற்றில் எதையும் சங்க வாசலில் வைக்கும் அட்டைப் பெட்டியில் போட முடியாது என்பதைக் கவனியுங்கள். உணவு வங்கிகள் பணமாகத் தாருங்கள் என்று கேட்பதற்கு இதுவே முதற்காரணம். மொத்த விலைக்கு வாங்கிக் குளிர்பதன அறையில் வைக்க அவர்களால் முடியும்.

பொருளாகவே தர வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் (அந்த ஆசையைக் கெடுக்க வேண்டாம்), சமையல் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், காபித்தூள், டின்னில் அடைத்த மீன், பீநட் பட்டர் ஆகியவற்றைக் கேளுங்கள். சோப்பு, கழிப்பறைத் தாள், டயப்பர், மாதவிடாய் நாப்கின் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் ஸ்நாப் உணவு உதவி அட்டையைக் கொண்டு இவற்றை வாங்க இயலாது. திரட்டுவதில் ஒரு பகுதியையாவது ஜூலைக்கு மாற்றுங்கள். பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைத்துவந்த காலை உணவும் மதிய உணவும் நின்றுபோகும் மாதம் அது. அந்த மாதத்தில் யாருக்கும் எங்கள் நினைவு வருவதில்லை.

கேள்வி (ஆஸ்டின், டெக்சாஸ்): உணவு வங்கி, பேன்ட்ரி என்னும் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. உணவு வங்கி என்பது பெரும் கிடங்கு. அங்கிருந்து பொருளைப் பெற்று மக்களுக்கு நேரடியாக வழங்கும் சிறிய இடமே பேன்ட்ரி. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரீஸ் உணவு வங்கிதான் இவ்வகையில் முதலாவது. கிடங்குக்காரர் எடையைப் பார்க்கிறார். பேன்ட்ரிக்காரர் முகத்தைப் பார்க்கிறார். தேவை, விருப்பம் என்னும் பேச்செல்லாம் இந்த இரண்டாவது இடத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி (சான் ஹோசே, கலிபோர்னியா): இலவசமாகத் தரும் உணவில் விருப்பு வெறுப்புக்கு என்ன இடம்? ‘பசி ருசி அறியாது’ என்றுதானே நம் முன்னோர் சொன்னார்கள்?

பதில்: ஐயா, அந்தப் பழமொழி ஒரு வேளைப் பசியைப் பற்றியது. வழிநடந்து களைத்தவருக்குப் பழைய சோறும் அமுதம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேன்ட்ரிக்கு வருகிறவர்களில் பலர் ஒரு வேளைக்காக வருவதில்லை. வாடகையும் மருந்துச் செலவும் போக மாதக் கடைசியில் மிஞ்சாத பணத்துக்கு ஈடாக, மாதந்தோறும், சிலர் ஆண்டுக்கணக்கில் வருகிறார்கள். அப்படி வருகிறவரின் வீட்டில் நாம் தரும் பையே சமையலின் அடிப்படை ஆகிவிடுகிறது. நான் மேலே சொன்ன 2014-ஆம் ஆண்டு ஆய்விலேயே, 33 விழுக்காட்டுக் குடும்பங்களில் ஒருவருக்காவது நீரிழிவு நோயும், 58 விழுக்காட்டுக் குடும்பங்களில் ஒருவருக்காவது உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. அந்த வீட்டுக்கு உப்பு மிகுந்த சூப்பையும் சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தையும் அனுப்பிவிட்டு, ‘கொடுத்ததை உண்ணட்டும்’ என்று சொல்வது தருமம் ஆகாது.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உண்ணப்படாத டின்னை வாங்கிய செலவும், சுமந்த உழைப்பும், வண்டியின் எரிபொருளும் வீண். விருப்பத்தைக் கேட்பதால் கூடுதல் செலவு ஆவதில்லை; பெரும்பாலும் மிச்சமே ஆகிறது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்பிளேஸ் என்னும் பேன்ட்ரி, வருகிறவர்களைத் தாங்களே பொருளைத் தேர்ந்தெடுக்க விட்டதோடு அவர்களுடைய வாழ்க்கைத் திட்டங்களுக்கும் துணை நின்றது. வழக்கமான பேன்ட்ரிகளுக்குச் சென்றவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அதன் உறுப்பினர்களின் உணவுப் பாதுகாப்பு மேம்பட்டிருந்தது.

கேள்வி (சார்லட், வட கரோலினா): நாங்கள் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினோம். ஏறக்குறைய எல்லோருமே ‘எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பொருட்கள் வீணாவதை நாங்களே பார்க்கிறோம். எங்கே தவறு செய்தோம், அக்கா?

பதில்: நீங்கள் செய்த தவறு நானும் செய்ததுதான். என் முதல் ஆண்டில், வரிசையில் நிற்பவர்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளைக் கொடுத்து, பையை நீட்டும் அதே கையால் விடையையும் வாங்கிக்கொண்டேன். சோறு போட்ட வீட்டில் இருந்துகொண்டே குழம்பைக் குறை சொல்ல நமக்கே வாய் வருமா? குறை சொன்னால் அடுத்த முறை பை சிறுத்துவிடும் என்று அஞ்சுகிறவரிடம் உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்களுக்கு உண்மையைச் சொன்னது அருகிலிருந்த பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சு. கிரான்பெர்ரி சாஸ், டின் கீரை, பெயர் புரியாத கேக் கலவை எனச் சுமக்க விரும்பாதவற்றை அங்கே அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆகவே முதலில் கேட்காமல் பாருங்கள். எது அலமாரியில் தங்குகிறது, எது அரை மணி நேரத்தில் தீர்கிறது என்று நான்கு வாரங்கள் குறித்து வையுங்கள். அடுத்து, பொருள் வழங்குவதில் பங்கில்லாத ஒருவரை விட்டு, பெயர் எழுதாமல், அவரவர் மொழியில் பேசவிடுங்கள். ‘எது வேண்டும்?’ என்று கேட்டால் அவர் கூச்சப்படுவார். ‘போன முறை கொண்டுபோனதில் இன்னும் வீட்டில் அப்படியே இருப்பது எது?’ என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்காகப் பொருளின் படம் ஒட்டிய குவளைகளை வரிசையாக வைத்து, ஆளுக்கு ஐந்து பயறு கொடுத்து, வேண்டியதில் போடச் சொல்லலாம். எங்கள் பேன்ட்ரியில் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே நடத்தினார்கள். தாள்கள் சொல்லாததைப் பயறுகள் சொல்லின.

சமையலறையைப் பற்றிக் கேட்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. அடுப்பு இருக்கிறதா, குளிர்பெட்டி வேலை செய்கிறதா, பெரிய பாத்திரம் உண்டா, டின் திறக்கும் கருவி உண்டா, சமைப்பவர் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறார், பையை எப்படி எடுத்துச் செல்கிறார் என்னும் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள், பிடிக்கும் பிடிக்காது என்னும் பட்டியலைவிட அதிகம் உதவும். உலர் பயறு எங்களிடம் தங்கிக்கொண்டே இருந்தது. ருசி பிடிக்கவில்லை போலும் என்று நாங்கள் நினைத்தோம். ஊறவைத்து ஒன்றரை மணி நேரம் வேகவைக்க அவர்களுக்கு நேரமில்லை என்பதே காரணமாக இருந்தது. டின்னில் அடைத்த அதே பயறு பறந்துபோயிற்று.

ஒரு பண்பாட்டை ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தன்னார்வலர்கள் ‘ஸ்பானிஷ் பேசுவோருக்குப் பீன்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். மெக்சிகோவின் வடபகுதியினர் பின்ட்டோ பீன்ஸை விரும்புகிறார்கள். கியூபா, குவாத்தமாலா நாட்டவருக்குக் கறுப்பு பீன்ஸே பழக்கம். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இது விளங்க வேண்டும்.

கேள்வி (ஜெர்சி சிட்டி, நியூஜெர்சி): சைவ உணவு உண்கிறவர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும் பை கட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இறைச்சி டின்னை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் தவறுகிறார்கள். மசித்து வறுத்த பீன்ஸ் டின்களில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். காய்கறி சூப் என்று முகப்பில் எழுதியிருந்தாலும் அடிச்சாறு கோழியாகவோ மாட்டிறைச்சியாகவோ இருக்கலாம். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லிப் பொடியிலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். பொருளடக்கத்தை ஒருமுறை படித்து, அலமாரியில் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். பெயரையோ உடையையோ பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். என் தோற்றத்தைப் பார்த்து ஒரு பேன்ட்ரியில் எனக்குக் கொண்டைக்கடலை மட்டும் எடுத்து வைத்தார்கள். நான் மீன் சாப்பிடுகிறவள்.

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): நீரிழிவு நோயாளிகளை எண்ணி இனிப்புப் பொருட்களை முழுவதும் நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். உப்பு, கூடுதல் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்றின் அளவைக் கொண்டு, உணவுப் பொருட்களை அடிக்கடி, எப்போதாவது, அரிதாக என மூன்று நிலைகளில் பிரிக்கும் வழிகாட்டுதல்கள் 2020-இல் வெளியாயின. பல பேன்ட்ரிகள் போக்குவரத்து விளக்கைப் போல அவற்றைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் குறிக்கின்றன. பச்சையைக் கண்ணுக்கு நேராகவும் சிவப்பைக் கீழ்த்தட்டிலும் வையுங்கள். முடிவை அவரிடம் விடுங்கள். டின் பீன்ஸை வடிகட்டி நீரில் அலசினால் அதிலுள்ள உப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும் என்பதைத் தாளில் எழுதி ஒட்டுவதும் உதவும். பிறந்தநாள் கேக்குக்கான மாவுப் பெட்டியை மட்டும் நான் எந்நாளும் அகற்றியதில்லை. பிள்ளையின் பிறந்தநாள் என்று சொல்லி அதைத் தேடி வரும் தாய்க்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்த எனக்கு மனம் வராது.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அக்கா, நானே உணவு வங்கிக்குப் போகிறவள். பாஸ்தா எங்கள் வீட்டில் யாருக்கும் இறங்குவதில்லை. வேண்டாமென்று சொன்னால் திமிர் என்று நினைப்பார்களோ?

பதில்: தங்கையே, தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் விட்டு வைக்கும் பாஸ்தா அதை விரும்பும் ஒருவருக்குப் போய்ச் சேரும்; எடுத்துச் சென்று வீட்டில் அடுக்கினால் இருவருக்கும் பயனில்லை. வேண்டாததைச் சொல்லும்போதே வேண்டியதையும் சொல்லுங்கள். எங்களிடம் வெள்ளைக் கோதுமை மா மாதக்கணக்கில் தேங்கும். ரொட்டி சுட நேரமுள்ளவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அதைக் கேட்டு வாங்கியபோதுதான், அந்த மாவை அவித்துப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பயன்படுத்துவார்கள் என்பது எங்கள் அமெரிக்கத் தன்னார்வலர்களுக்குத் தெரிந்தது.

கேள்வி (டிராய், மிச்சிகன்): வீட்டில் தேதி கடந்த டின்கள் இருக்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: குழந்தைகளுக்கான பால்மாவைத் தேதி கடந்தபின் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மற்றவற்றில் அச்சிடப்படும் தேதி பெரும்பாலும் தரத்தைக் குறிப்பது; அதைக் கட்டாயமாக்கும் கூட்டரசுச் சட்டம் பால்மாவுக்கு மட்டுமே உண்டு. ஆயினும் உங்கள் வீட்டுத் தட்டில் போடத் தயங்குவதை எங்கள் பெட்டியில் போடாதீர்கள்.

கேள்வி (சியாட்டில், வாஷிங்டன்): மோட்டலிலும் காரிலும் தங்கியிருப்பவர்களுக்கு என்ன தருவது?

பதில்: இழுத்துத் திறக்கும் மூடியுள்ள டின்கள், வெந்நீர் ஊற்றினால் போதுமான ஓட்ஸ், சிறு பொட்டலப் பீநட் பட்டர், வாழைப்பழம், ஒரு கரண்டி. அரிசியைத் தராதீர்கள்.

கேள்வி (பிளேனோ, டெக்சாஸ்): அவரவர் விருப்பப்படி எடுக்க விட்டால், முதலில் வருகிற பத்துப் பேரோடு இறைச்சியும் முட்டையும் தீர்ந்துவிடாதா?

பதில்: எல்லையே வைக்காவிட்டால் தீர்ந்துவிடும். விருப்பத்துக்கு விடுவதென்றால் கணக்கின்றி விடுவதென்று பொருளில்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து, புரத அடுக்கில் மூன்று, தானிய அடுக்கில் நான்கு என்று எண்ணிக்கையை வரையறுத்து, அதற்குள் எதை எடுப்பது என்பதை மட்டும் அவரிடம் விடுகிறோம். நான் கண்டவரையில் பலர் அந்த எண்ணிக்கையைக்கூட நிரப்புவதில்லை. வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். முட்டையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்காக உள்ளே வைத்துவிடுங்கள். கடைசியில் வருகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலை முடிந்து பேருந்து பிடித்து வருகிறவர்கள்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): மீண்டும் நான்தான், அம்மா. இந்த ஆண்டு ஒரே ஒரு பொருளைத்தான் கேட்கப் போகிறோம் என்றால், எதைக் கேட்பது?

பதில்: சமையல் எண்ணெய். ஒரு லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போகிறார்கள்.